128 பைட் கட்டம்: பழைய பிபிஎஸ் செய்திக் கோப்புகளைப் பைத்தானில் படிப்பது

பழைய ஹார்ட் டிஸ்க்கிலிருந்து மீட்ட ஃபோல்டர் ஒன்று கைக்கு வந்தால், அதில் பெரும்பாலும் மூன்று வகை பிபிஎஸ் கோப்புகள் கிடக்கும். கியூடபிள்யூகே பொட்டலங்கள், பலகைகளை இணைத்த ஃபிடோநெட் வலையமைப்பின் எம்எஸ்ஜி கோப்புகள், ஹட்சன் அல்லது ஜாம் வடிவச் செய்திக் கிடங்குகள். மூன்றுக்கும் வடிவ விளக்கம் பொதுவெளியில் இருக்கிறது. அதைப் பார்த்து ஐம்பது வரி பைத்தான் எழுதினால் முதல் செய்தி திரையில் வந்துவிடும். தலைவலி அதற்குப் பிறகுதான். உடைந்து நிற்கும் ஸ்கிரிப்ட்டால் ஆபத்தில்லை, எங்கே உடைந்தது என்று அதுவே சொல்லிவிடும். ஆயிரம் செய்தியில் தொள்ளாயிரத்தைச் சரியாகக் கொடுத்துவிட்டு நூறைச் சத்தமில்லாமல் விழுங்கிவிடும் ஸ்கிரிப்ட்தான் ஆபத்து. ஆகவே கீழே சொல்வதில் பாதி படிப்பதைப் பற்றியது, மீதிப் பாதி கணக்குச் சரிபார்ப்பதைப் பற்றியது.

பிபிஎஸ், அதாவது புல்லட்டின் போர்டு சிஸ்டம் என்ற கணினி அறிவிப்புப் பலகையைக் கேள்விப்படாதவர்களுக்கு இரண்டு வரி. 1978 பிப்ரவரியில் சிகாகோவில் வார்டு கிறிஸ்டென்சனும் ராண்டி சூஸும் தொடங்கிய சிபிபிஎஸ்தான் முதல் பலகை. மோடம் வழியாக அந்தக் கணினிக்கு போன் போட்டு, செய்தி படித்து, பதில் எழுதி, போனை வைக்க வேண்டும். நிமிடத்துக்கு இவ்வளவு என்று போன் பில் ஏறும் காலம். அதனால் புதிய செய்திகளை எல்லாம் மூட்டையாகக் கட்டி இறக்கிக்கொண்டு, போனை வைத்துவிட்டு நிதானமாகப் படிக்கும் வழக்கம் வந்தது. அந்த மூட்டைக்கு 1987-ல் மார்க் ஹெர்ரிங் கொடுத்த வடிவம்தான் கியூடபிள்யூகே. இன்று தனி மனிதர்களின் பழைய வட்டுகளில் அதிகம் பிழைத்திருப்பதும் இதுதான். பலகையின் சொந்தக் கோப்புகள் அதை நடத்தியவரோடு போய்விட்டன, பொட்டலங்கள் வாசகர்கள் வீட்டில் தங்கிவிட்டன.

பொட்டலத்தைப் பிரிப்பதிலேயே முதல் பள்ளம்

கோப்பின் பெயர் எப்படி முடிந்தாலும் உள்ளே இருப்பது சாதாரணச் சுருக்கக் கோப்புதான். பெயரை நம்பாமல் முதல் சில பைட்டைப் பாருங்கள். 80, 75, 3, 4 என்று தொடங்கினால் ஜிப். 96, 234 என்றால் ஏஆர்ஜே. முதல் பைட் 26 என்றால் ஏஆர்சி. இரண்டு பைட் தள்ளி 45, 108, 104 வந்தால் எல்இசட்எச்.

ஜிப்தானே, பைத்தானிலேயே ஜிப்ஃபைல் தொகுதி இருக்கிறதே என்று இறங்கினால் பழைய பொட்டலங்களில் மாட்டிக்கொள்வீர்கள். உள்ளே என்னென்ன கோப்பு இருக்கிறது என்ற பட்டியல் அழகாக வரும். ஒன்றைத் திறக்கப் போனால் இந்தச் சுருக்க முறைக்கு ஆதரவு இல்லை என்று கைவிரிக்கும். காரணம், இன்று எல்லோரும் பயன்படுத்தும் டிஃப்ளேட் முறை அன்றைய ஜிப் மென்பொருளான பிகேஜிப்பில் பரவலானது 1993-ல் வந்த 2.04ஜி பதிப்போடு. அதற்கு முந்தையவை ஷ்ரிங்க், இம்ப்ளோட் முறைகளில் சுருக்கப்பட்டவை, முறை எண் 1, 6. பைத்தான் தொகுதிக்கு இவை தெரியாது. இன்ஃபோ-ஜிப்பின் அன்ஜிப் கட்டளைக்கும் செவன்-ஜிப்புக்கும் தெரியும். ஸ்கிரிப்ட்டிலிருந்தே அவற்றை அழைத்துப் பிரித்துக்கொள்வது நல்லது. இம்ப்ளோட்டை நீங்களே எழுத உட்கார்ந்தால் ஒரு வார இறுதி காலி.

அன்ஜிப்பை அழைக்கும்போது வரிமுடிவை மாற்றித் தரும் டெக்ஸ்ட் சுவிட்ச்சைத் தொடவே வேண்டாம். பொட்டலத்தின் செய்திகள் எல்லாம் இருக்கும் மெசேஜஸ்.டாட் கோப்பின் உள்ளடக்கம் பெரும்பாலும் எழுத்துதான் என்பதால், சுருக்கிய மென்பொருள் அதை டெக்ஸ்ட் என்று குறித்து வைத்திருக்கலாம். சுவிட்ச் போட்டால் நடுவில் சில பைட்டுகள் மாறும், மறையும். அதன்பின் எந்த ஹெட்டரும் தன் இடத்தில் இருக்காது. பைத்தானிலும் எல்லாக் கோப்பையும் பைனரி முறையில் மட்டுமே திறக்க வேண்டும்.

பிரித்ததும் செய்ய வேண்டிய முதல் சோதனை ஒரே வரி: மெசேஜஸ்.டாட் கோப்பின் அளவை 128-ஆல் வகுத்தால் மீதி பூஜ்யமாக இருக்க வேண்டும். இல்லையென்றால் மேற்கொண்டு எழுதாமல் பிரித்த முறையைத் திரும்பப் பாருங்கள். கோப்புப் பெயர்கள் சில இடத்தில் பெரிய எழுத்தில், சில இடத்தில் சிறிய எழுத்தில் இருக்கும். லினக்ஸில் ஓட்டுபவர்கள் எழுத்து வேறுபாடு பார்க்காமல் தேட வேண்டும்.

ஹெட்டர், பைட் பைட்டாக

மெசேஜஸ்.டாட் முழுவதும் 128 பைட் கட்டங்களாக ஓடுகிறது. முதல் கட்டம் தயாரிப்பாளரின் அறிவிப்பு, செய்தி அல்ல. இரண்டாவது கட்டத்திலிருந்து செய்திகள். ஒவ்வொரு செய்திக்கும் முதலில் ஒரு ஹெட்டர் கட்டம், பிறகு உடல் கட்டங்கள்.

வடிவ விளக்கம் இடங்களை 1-லிருந்து எண்ணுகிறது. பைத்தான் 0-விலிருந்து எண்ணும். இந்த ஒன்றைத் தலையில் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தால் எங்கேயோ ஒரு இடத்தில் தவறும். எனவே முதலிலேயே எல்லாவற்றையும் 0-கணக்கில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். 0-வில் நிலைக்குறி, 1 முதல் 7 வரை செய்தி எண், 8 முதல் 15 வரை தேதி, 16 முதல் 20 வரை நேரம், 21 முதல் 45 வரை பெறுநர், 46 முதல் 70 வரை அனுப்புநர், 71 முதல் 95 வரை பொருள், 96 முதல் 107 வரை கடவுச்சொல், 108 முதல் 115 வரை எந்தச் செய்திக்குப் பதில் என்ற எண், 116 முதல் 121 வரை கட்ட எண்ணிக்கை, 122-ல் உயிரோடு இருக்கிறதா என்ற குறி, 123-லும் 124-லும் கான்ஃபரன்ஸ் (பலகையின் தலைப்புவாரிப் பிரிவு) எண், 125-லும் 126-லும் பொட்டலத்துக்குள் வரிசை எண், 127-ல் நெட்வொர்க் குறி.

இதில் ஒரு விசித்திரம் உண்டு. செய்தி எண், பதில் எண், கட்ட எண்ணிக்கை மூன்றும் எழுத்து வடிவில், இடைவெளி நிரப்பி வரும். கான்ஃபரன்ஸ் எண்ணும் வரிசை எண்ணும் மட்டும் இரண்டு பைட் பைனரி, சிறிய பைட் முதலில். ஒரே ஹெட்டரில் இரண்டு மொழி. மிகப் பழைய பொட்டலங்களில் கான்ஃபரன்ஸுக்கு 123-வது பைட் மட்டுமே, அடுத்த பைட்டில் குப்பை இருக்கலாம். பொட்டலத்தில் கூடவே வரும் கன்ட்ரோல்.டாட் கோப்பு சொல்லும் கான்ஃபரன்ஸ் பட்டியலோடு ஒப்பிட்டால் தெரிந்துவிடும். 3 என்று இருக்க வேண்டியது 8195 என்று வந்தால் அடுத்த பைட்டில் இடைவெளி எழுத்தின் 32 உட்கார்ந்திருக்கிறது என்று பொருள். 32 பெருக்கல் 256, கூட்டல் 3.

கட்ட எண்ணிக்கையில் ஹெட்டரும் அடக்கம். அதில் 3 என்று இருந்தால் உடலுக்கு இரண்டு கட்டம், 256 பைட். இதை உடலின் எண்ணிக்கை என்று எடுத்துக்கொண்டால் அடுத்த செய்தியின் ஹெட்டரும் உடலாகவே விழுங்கப்பட்டுவிடும். அதன்பின் ஸ்கிரிப்ட் ஏதோ ஒரு உடலின் நடுவில் நின்று அதை ஹெட்டர் என்று நினைக்கும். எண்ணாக மாற்றும் இடத்தில் எர்ரர் வந்தால் அதிர்ஷ்டம். அந்த எர்ரரை டிரை-எக்ஸெப்ட் போட்டு மூடிவிடுவதுதான் இந்த வேலையில் அதிகம் நடக்கும் பாவம். பொட்டலத்தில் பாதி போயிருக்கும், தெரியவே தெரியாது.

அந்த எண் புலத்தில் சில மென்பொருள்கள் இடைவெளிக்குப் பதில் பூஜ்ய பைட்டை நிரப்பின. பைத்தானின் இன்ட் இடைவெளியைப் பொறுத்துக்கொள்ளும், பூஜ்ய பைட்டைப் பொறுத்துக்கொள்ளாது. மாற்றுமுன் பூஜ்யத்தில் வெட்டி, இடைவெளியை உரித்துவிடுங்கள்.

உண்மையிலேயே கெட்டுப்போன எண்ணிக்கை வந்தால் திரும்பத் தடம் பிடிக்க வழி இருக்கிறது. 128 பைட் 128 பைட்டாக முன்னேறி, ஒவ்வொரு கட்டத்திலும் நான்கு அடையாளம் பாருங்கள். 122-வது பைட் 225 அல்லது 226, 10-லும் 13-லும் தேதியின் சிறுகோடு, 18-ல் நேரத்தின் முக்காற்புள்ளி. நான்கும் ஒத்துப்போனால் அது ஹெட்டர். உடல் எழுத்து தற்செயலாக இப்படி அமைவது அபூர்வம். 225 என்றால் செய்தி உயிரோடு இருக்கிறது, 226 என்றால் அழிக்கப்பட்டது. அழிக்கப்பட்டதைத் தூக்கி எறியாமல் குறியோடு சேர்த்து வையுங்கள்.

உடலில் வரிமுடிவாக 13, 10 வராது. 227 என்ற ஒரே பைட். அன்றைய ஐபிஎம் எழுத்துத் தொகுதியில் அது பை குறி, கணக்கு வாத்தியாரைத் தவிர யாரும் அதை அடிக்க மாட்டார்கள் என்ற நம்பிக்கை. கடைசிக் கட்டத்தின் மீதி இடம் இடைவெளியால் நிரப்பப்பட்டிருக்கும், சிலதில் பூஜ்யத்தால். வலப்பக்கம் மட்டும் உரியுங்கள். இடப்பக்கமும் உரித்தால் எழுத்துகளை அடுக்கி வரைந்த படங்களின் முதல் வரி நகர்ந்துவிடும்.

பொருள் வரிக்கு 25 எழுத்துதான் இடம். நீண்டதை வெட்டிவிடாமல் இருக்கப் பின்னால் வந்த நீட்சியில் உடலின் முதல் வரிகளிலேயே பெறுநர், அனுப்புநர், பொருள் முழுதாக எழுதப்பட்டன. உடலின் தொடக்கத்தில் அந்த மாதிரி வரிகள் இருந்து, அவற்றின் ஆரம்பம் ஹெட்டரில் உள்ளதோடு ஒத்துப்போனால் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். சாதாரணமாக ஒருவர் வேறொரு கடிதத்தை ஒட்டியிருந்தாலும் அதே வரிகள் வரும்.

வாசகர் எழுதிய பதில்களைப் பலகைக்குத் திருப்பி அனுப்பும் பதில் பொட்டலத்தின் ஹெட்டரும் இதே அமைப்புதான், ஒரு மாற்றத்தோடு: செய்தி எண் இருக்க வேண்டிய இடத்தில் கான்ஃபரன்ஸ் எண் இருக்கும். முதல் கட்டத்தில் அறிவிப்புக்குப் பதில் பலகையின் அடையாளப் பெயர் இருக்கும். அதை வைத்து இரண்டையும் பிரித்தறியலாம்.

கன்ட்ரோல்.டாட் வெறும் டெக்ஸ்ட். பலகையின் பெயர், ஊர், போன் எண், நடத்துபவர் என வரி வரியாகப் போய், 11-வது வரியில் கான்ஃபரன்ஸ் எண்ணிக்கை வரும், ஒன்று குறைவாக. அங்கே 14 என்றால் பின்னால் 15 ஜோடி இருக்கும், ஒவ்வொன்றும் எண் ஒரு வரி, பெயர் ஒரு வரி. கடைசிக் கான்ஃபரன்ஸ் மட்டும் எப்போதும் பெயரில்லாமல் வருகிறது என்று குழம்பினால் இங்கே பாருங்கள்.

விநோத எண்: இன்டெக்ஸ் கோப்பு

ஒவ்வொரு கான்ஃபரன்ஸுக்கும் என்டிஎக்ஸ் என்று முடியும் சின்னக் கோப்பு ஒன்று உண்டு. செய்திக்கு 5 பைட். முதல் நான்கு, ஹெட்டர் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்ற எண். ஐந்தாவது கான்ஃபரன்ஸ் எண், 255-க்கு மேல் போனால் பயனற்றது.

அந்த நான்கு பைட்டை முழு எண்ணாகப் படித்தால் 2181038080 போன்ற பூதம் வரும். நவீன ஃப்ளோட்டாகப் படித்தால் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் ஒரு மைனஸ் துகள் வரும். இரண்டும் தப்பு. இது மைக்ரோசாஃப்ட் பைனரி ஃபார்மட், அந்தக் காலத்து பேசிக் மொழியின் தசம எண். இன்றைய ஃப்ளோட்டின் தரமான ஐஇஇஇ வடிவம் வழக்கமாவதற்கு முந்தையது.

திறப்பது எளிது. நான்காவது பைட் அடுக்கு. அது பூஜ்யமானால் எண்ணும் பூஜ்யம். மூன்றாவது பைட்டின் மேல் பிட் கூட்டல் கழித்தல் குறி. அதை எடுத்துவிட்டு அந்த இடத்தில் 1 வையுங்கள். பிறகு மூன்றாவது, இரண்டாவது, முதல் பைட் என்று சேர்த்து 24 பிட் முழு எண்ணாக்கி, இரண்டின் (நான்காவது பைட் கழித்தல் 152)-ம் அடுக்கால் பெருக்குங்கள்.

கையால் ஒன்று போட்டுப் பார்க்கலாம். பைட்டுகள் 0, 0, 32, 131 என்று வைத்துக்கொள்வோம். 32-ன் மேல் பிட்டை 1 ஆக்கினால் 160. அதை 65536-ஆல் பெருக்கினால் 10485760. அடுக்கு 131 கழித்தல் 152, அதாவது மைனஸ் 21. இரண்டின் 21-ம் அடுக்கு 2097152. வகுத்தால் சரியாக 5. அப்படியானால் ஹெட்டர் ஐந்தாவது கட்டத்தில். கட்டங்கள் 1-லிருந்து எண்ணப்படுவதால் கோப்பில் போக வேண்டிய இடம் 4 பெருக்கல் 128, 512. பொட்டலத்தின் முதல் செய்திக்கு எப்போதும் 2 வர வேண்டும், பைட்டுகளில் 0, 0, 0, 130. மேலே சொன்ன பூத எண் உண்மையில் இந்த 2-தான்.

இன்டெக்ஸை வைத்துச் செய்திகளைப் படிக்க வேண்டாம் என்பது எங்கள் கருத்து. ஹெட்டரிலிருந்து ஹெட்டராக நடந்து படியுங்கள். நடந்தபோது கிடைத்த இடங்களின் பட்டியலையும் இன்டெக்ஸ் சொல்லும் இடங்களின் பட்டியலையும் கடைசியில் ஒப்பிடுங்கள். தனிப்பட்ட செய்திகளுக்கென்று பெர்சனல்.என்டிஎக்ஸ் என்று ஒன்று இருக்கும். அதில் உள்ளவை மற்ற இன்டெக்ஸிலும் வரும் என்பதால் இரட்டை எண்ணிக்கை ஆகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு பட்டியலும் ஒத்துப்போனால் அந்தப் பொட்டலம் முடிந்தது.

இன்டெக்ஸ் கோப்பின் அளவு 5-ஆல் வகுபடாமல், கடைசியில் 26 என்ற பைட் வரிசையாக இருந்தால் பயப்பட வேண்டாம். எக்ஸ்மோடம் நெறிமுறை கோப்பை 128 பைட் துண்டுகளாக அனுப்பும், கடைசித் துண்டு நிரம்பாவிட்டால் 26-ஐ இட்டு நிரப்பும். தனியாக அப்படி இறக்கப்பட்ட எந்தக் கோப்பின் வாலிலும் இது ஒட்டிக்கொண்டிருக்கும்.

எம்எஸ்ஜி கோப்பும் காணாமல் போகும் எழுத்தும்

1984-ல் டாம் ஜென்னிங்ஸ் தொடங்கிய ஃபிடோநெட்டில் ஒரு செய்திக்கு ஒரு கோப்பு. ஹெட்டர் 190 பைட்: அனுப்புநருக்கு 36, பெறுநருக்கு 36, பொருளுக்கு 72, தேதிக்கு 20, பிறகு இரண்டு பைட் எண்கள் ஆறு, 8 பைட் கலவைப் பகுதி, மறுபடி இரண்டு பைட் எண்கள் மூன்று. கூட்டினால் 190. ஸ்ட்ரக்ட் தொகுதியில் வடிவச் சரத்தை எழுதியதும் அதன் அளவைக் கணக்கிடும் கட்டளையைக் கொடுத்து 190 வருகிறதா என்று பாருங்கள். முதலில் சிறிய-பைட்-முதல் குறியைப் போட மறந்தால் பைத்தான் உங்கள் கணினியின் இயல்புப்படி நடுவில் காலியிடம் விடக்கூடும், எந்த இயந்திரத்தில் ஓடுகிறது என்பதைப் பொறுத்து விடை மாறும்.

நடுவில் வரும் 8 பைட் எல்லா மென்பொருளிலும் ஒன்றல்ல. சிலவற்றில் ஃபிடோநெட் முகவரியின் பகுதிகளான மண்டலமும் பாயிண்ட்டும், சிலவற்றில் எழுதிய நேரமும் வந்த நேரமும். அதை நம்பி முகவரியைக் கட்டாமல், உடலில் பைட் 1-ல் தொடங்கும் மறைவரிகளிலிருந்து மண்டலத்தை எடுப்பது பத்திரம்.

கோப்புகளின் பெயர் வெறும் எண். அகர வரிசையில் அடுக்கினால் 1, 10, 11, 2 என்று வரும். எண்ணாக மாற்றி அடுக்குங்கள். எக்கோமெயில் (பலகைகளுக்கிடையே பகிரும் பொது விவாதம்) ஃபோல்டரில் 1 என்ற கோப்பு பெரும்பாலும் செய்தியே அல்ல, எதுவரை அனுப்பியாயிற்று என்று மென்பொருள் தனக்கு எழுதிக்கொண்ட குறிப்பு.

உடலில் 13 என்பது வரிமுடிவு, 10 வந்தால் விட்டுவிடலாம். 141 என்ற பைட்தான் வில்லங்கம். ஃபிடோநெட் விதியில் அது மென்வரிமுடிவு, கண்டால் கழித்துவிடலாம் என்று ஏற்பாடு. அமெரிக்காவில் யாருக்கும் இழப்பில்லை. ரஷ்யாவில் புழங்கிய 866 எழுத்துத் தொகுதியில் அதே 141 ஒரு முழு எழுத்து, 'ந' ஒலி தரும் பெரிய எழுத்து. அந்த விதியைப் பின்பற்றும் கணினி வழியாகச் செய்தி போனால் அந்த ஒரு எழுத்து மட்டும் உதிரும். அங்கிருந்தவர்கள் உருவத்தில் அதேபோல் இருக்கும் ஆங்கில 'எச்'சை அந்த இடத்தில் போட்டுச் சமாளித்தார்கள். எனவே ரஷ்யச் செய்திகளில் சொல் தேடும்போது நடுவில் ஆங்கில எழுத்து கலந்திருக்கும், தேடலில் சிக்காது. தேடலுக்கென்று தனிப் பிரதி எடுத்து அதில் மட்டும் மாற்றுங்கள், மூலத்தில் கை வைக்க வேண்டாம்.

தமிழ் வாசகருக்கு இதில் இன்னொரு சங்கதி. யூடிஎஃப்-8 தமிழில் மெய்யெழுத்தின் புள்ளிக்கு மூன்று பைட்: 224, 175, 141. ஃபிடோநெட் இன்றும் ஓடுகிறது, யூடிஎஃப்-8-ல் எழுதுபவர்களும் இருக்கிறார்கள். 141-ஐக் கழிக்கும் விதியை எழுத்தாக மாற்றும் முன்பே பைட்டுகள் மேல் ஓட்டினால் தமிழில் சிதைவது புள்ளி மட்டும்தான், ஆனால் எல்லாப் புள்ளியும். 'வணக்கம்' என்பது 21 பைட், இரண்டு புள்ளி. கழித்த பிறகு 19 பைட், எழுத்தாக மாறவே மாறாது. உங்கள் ஸ்கிரிப்ட்டின் சோதனைச் சரமாக இந்த ஒரு சொல்லை வைத்துக்கொள்ளலாம். மாறாக கியூடபிள்யூகேயின் 227 தமிழைத் தொடாது, எந்தத் தமிழ் எழுத்திலும் அந்தப் பைட் இல்லை. ஜப்பானியக் கனா எழுத்துகளுக்கு அது முதல் பைட், அவர்கள் பாடு கஷ்டம்.

சரி, எந்த எழுத்துத் தொகுதி என்று எப்படித் தெரியும்? மறைவரிகளில் எழுத்துத் தொகுதி குறிப்பிடப்பட்டிருந்தால் அதை எடுங்கள். இல்லையென்றால் பலகை இருந்த நாட்டைப் பாருங்கள். அமெரிக்கா என்றால் 437, மேற்கு ஐரோப்பா என்றால் 850-ம் உண்டு, ரஷ்யா 866. ஸ்வீடனில் 7 பிட் காலத்து வழக்கமாக நெளிவு அடைப்பையும் நிமிர்கோட்டையும் தங்கள் உயிரெழுத்துகளுக்குப் பயன்படுத்தினார்கள். 437-லும் 866-லும் 256 பைட்டுக்கும் இடம் உண்டு என்பதால் பைத்தான் எதையும் மறுக்காமல் மாற்றித் தரும், தப்பான தொகுதி என்றாலும் கூட. பாமினியில் அடித்த கோப்பை வேறு எழுத்துருவில் திறந்து பார்த்தவருக்கு இது புதிதல்ல. இன்னொன்று, பைத்தானின் 437 மாற்றி 32-க்குக் கீழ் உள்ள பைட்டுகளைக் கட்டுப்பாட்டுக் குறிகளாகவே விட்டுவிடும். சிரித்த முகம், இதயம், அம்பு எல்லாம் திரையில் காட்டிய அந்த எழுத்துகள் வேண்டுமானால் 1 முதல் 31 வரையிலான பைட்டுகளுக்கு ஒரு சிறு பட்டியலை நீங்களே எழுத வேண்டும். அதிலும் 10, 13, 27 மூன்றையும் விட்டுவிடுங்கள், 27 வண்ணக் கட்டளைகளின் தொடக்கம்.

ஹட்சனும் ஜாமும்

ஹட்சன் கிடங்கு குவிக்பிபிஎஸ் என்ற பலகை மென்பொருள் வழியாக வந்தது, டர்போ பாஸ்கல் அமைப்பு. பாஸ்கல் சரத்தில் முதல் பைட் நீளம், அதன்பின் எழுத்து, அதற்கும் பின்னால் முன்பு அந்த இடத்தில் இருந்ததன் மிச்சம். ஆக இதுவரை மூன்று வகைச் சரம் பார்த்தாயிற்று. இடைவெளி நிரப்பியது கியூடபிள்யூகே, பூஜ்யத்தில் முடிவது எம்எஸ்ஜி, நீளம் முன்னால் நிற்பது ஹட்சன். மூன்றுக்கும் தனித்தனி சார்பு எழுதுங்கள். எல்லாவற்றுக்கும் ஒரே புத்திசாலிச் சார்பு எழுதினால் பழைய பெயர்களின் வால் புதிய பெயர்களில் ஒட்டும்.

இங்கே கணக்கு அழகாக இருக்கும். தலைப்புக் கோப்பில் செய்திக்கு 187 பைட், இன்டெக்ஸில் 3, பெறுநர் இன்டெக்ஸில் 36. 1250 செய்தி இருந்தால் 233750, 3750, 45000. மூன்று கோப்பின் அளவையும் வகுத்து ஒரே எண் வந்தால் தைரியமாகத் தொடரலாம். உடல் 256 பைட் துண்டுகளில், ஒவ்வொரு துண்டும் ஒரு பாஸ்கல் சரம். துண்டின் நீள பைட்டை மதிக்காமல் மொத்தமாக ஒட்டினால் 255 எழுத்துக்கு ஒருமுறை சொல் நடுவில் ஒரு விசித்திரக் குறி முளைக்கும். அதைப் பார்த்து எழுத்துத் தொகுதிப் பிழை என்று அலைபவர்கள் உண்டு. துண்டு எண் இரண்டு பைட் என்பதால் மொத்த உடலும் 16 எம்பிக்குள் அடங்கியாக வேண்டும். அந்த எல்லையை முட்டிய பலகைகள்தான் 1990-களில் ஜாமுக்கும் ஸ்குவிஷ் என்ற இன்னொரு கிடங்கு வடிவத்துக்கும் மாறின.

ஜாமில் நான்கு கோப்பு. ஹெட்டர் கோப்பின் தொடக்கத்தில் 1024 பைட் பொதுத் தகவல், பிறகு செய்திக்கு 76 பைட் நிலையான பகுதி, அதைத் தொடர்ந்து நீளம் மாறும் துணைப்புலங்கள். பெயர், பொருள் எல்லாம் துணைப்புலத்தில்தான். ஒரே வகைத் துணைப்புலம் பலமுறை வரலாம், டிக்‌ஷனரியில் போட்டால் கடைசியது மட்டும் மிஞ்சும். லிஸ்ட்டில் போடுங்கள். இன்டெக்ஸில் செய்திக்கு 8 பைட், பெறுநர் பெயரின் சிஆர்சி-32 (சரிபார்ப்பு எண்) நான்கு, ஹெட்டரின் இடம் நான்கு. அந்த சிஆர்சியைச் சரிபார்க்கப் போனால் பைத்தானின் விடை ஒத்துப்போகாது. ஜாம் கடைசியில் பிட்டுகளைப் புரட்டுவதில்லை, பைத்தான் புரட்டுகிறது. விடையை 4294967295-உடன் எக்ஸ்-ஆர் செய்தால் பொருந்தும். பெயரைச் சிறிய எழுத்தாக்கும் வேலையை பைட்டுகளாக இருக்கும்போதே செய்யுங்கள், எழுத்தாக மாற்றிய பிறகு செய்தால் ஐரோப்பியப் பெயர்களில் சிஆர்சி தவறும்.

தேதி, சேமிப்பு

கியூடபிள்யூகேயில் மாதம்-நாள்-ஆண்டு, ஆண்டுக்கு இரண்டே இலக்கம். 78 முதல் 99 வரை 1900-கள், 00 முதல் 77 வரை 2000-கள் என்று பிரித்தால் போதும், 1978-க்கு முன் பலகையே இல்லை. 2000-ஐத் தாண்டிய சில மென்பொருள்கள் ஆண்டை 100 என்று எழுதின, அதனால் நேரம் ஒரு இடம் தள்ளிப்போயிருக்கும். பொட்டலம் எப்போது கட்டப்பட்டது என்பது கன்ட்ரோல்.டாட்டில் நான்கு இலக்க ஆண்டோடு இருக்கிறது. அதற்குப் பிந்தைய தேதியுள்ள செய்தி வந்தால் தனியே குறித்து வையுங்கள். நேர மண்டலம் எங்கும் சொல்லப்படவில்லை. அந்தக் கணினியின் கடிகாரம் என்ன சொன்னதோ அதுதான், யூடிசிக்கு மாற்றுகிறேன் என்று கிளம்ப வேண்டாம்.

சேமிக்க எஸ்கியூலைட் வசதி. ஒவ்வொரு செய்திக்கும் மூலக் கோப்பின் ஷா-256 ஹாஷ் (கோப்பின் கைரேகை போன்ற எண்), அதில் தொடங்கிய இடம், மாற்றாத பைட்டுகள், மாற்றிய எழுத்து, எந்த எழுத்துத் தொகுதி கொண்டு மாற்றினீர்கள் என ஐந்தையும் வையுங்கள். மாற்றாத பைட்டுகள் இருந்தால் நாளைக்கு 437 தப்பு, 850தான் சரி என்று தெரிந்தாலும் மறுபடி பொட்டலத்தைப் பிரிக்க வேண்டாம்.

ஒரே செய்தி பல பொட்டலத்தில் வரும். கான்ஃபரன்ஸும் செய்தி எண்ணும் ஒன்றானால் ஒரே செய்தி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பலகை நடத்துபவர் கிடங்கைச் சுருக்கி எண்களை மறுபடி 1-லிருந்து போட்டிருப்பார். உடல் பைட்டுகளின் ஹாஷையும் தேதியையும் சேர்த்துப் பாருங்கள், வலப்பக்க நிரப்பலை உரித்த பிறகு.

வெளியே கொடுக்கும் பிரதியில் ஹெட்டரின் 96 முதல் 107 வரையிலான 12 பைட்டையும் காலியாக்கிவிடுங்கள். கடவுச்சொல் அங்கே எந்த மறைப்பும் இல்லாமல் அப்படியே இருக்கும், முப்பது வருடம் கழித்தும் அதையே வைத்திருப்பவர்கள் உண்டு. பயனர் கோப்புகளில் வீட்டு போன் எண்ணும் இருக்கும். நிலைக்குறி தனிப்பட்டது என்று சொல்லும் செய்திகளையும் பொதுவில் வைக்கும் தொகுப்பில் சேர்க்காமல், எண்ணிக்கையை மட்டும் கணக்கில் காட்டுங்கள். இல்லையென்றால் பொதுப் பிரதியின் எண்ணிக்கையும் இன்டெக்ஸ் எண்ணிக்கையும் ஒத்துப்போகாமல், அடுத்து எடுத்துப் பார்ப்பவர் உங்கள் ஸ்கிரிப்ட்டில் பிழை என்று தேட ஆரம்பிப்பார்.